அப்பாவின் சமர் சேவா ஸ்டார்: ராணுவப் பதிவேட்டில் விட்டுப்போன பதக்கத்தைச் சேர்த்த அனுபவம்

என் அப்பா 1963ஆம் ஆண்டில், சீனப் போருக்குப் பிறகு ராணுவத்தில் ஆள் சேர்ப்புப் பெருகியிருந்த காலத்தில், வேலூரில் வரிசையில் நின்று டிரைவராகச் சேர்ந்தவர். 1965, 1971 ஆகிய இரு போர்களிலும் லாரி ஓட்டிவிட்டு, 15 ஆண்டு சேவை முடிந்து 1978இல் ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பினார். அவர் கொண்டுவந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பதக்கங்களுக்கான கட்டத்தில் நான்கு பெயர்கள் இருந்தன: ரக்‌ஷா மெடல், சங்கிராம் மெடல், சுதந்திரத்தின் 25ஆம் ஆண்டு மெடல், 9 ஆண்டு நீண்ட சேவை மெடல். ராணுவத்தோடு பழக்கம் இல்லாதவர்களுக்கு இந்தப் பட்டியல் நிறைவாகவே தோன்றும். எங்களுக்கும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அப்படித்தான் தோன்றியது.

2017 ஆகஸ்ட் 15 அன்று எங்கள் ஊர்ப் பள்ளியில் கொடியேற்றம் முடிந்து எல்லோரும் மிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தபோது, கார்கில் சமயத்தில் காஷ்மீரில் இருந்து திரும்பிய பக்கத்துத் தெரு இளைஞர் ஒருவர் அப்பாவின் மார்பில் இருந்த பதக்கங்களை உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, 65லே சண்டை நடந்த இடத்துக்கே குண்டு ஏற்றிக்கொண்டு போனேன் என்று சொல்வீர்களே, சமர் சேவா ஸ்டார் எங்கே?" என்று கேட்டார். அப்பா "அது வரவில்லைப்பா" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகு நான் கேட்டதற்கு, ஓய்வு பெறும்போது தானும் கேட்டதாகவும், பின்னால் வரும் என்று பதில் சொன்னதாகவும், அதன் பிறகு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டதாகவும் சொன்னார். அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்கு அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. நான் கூட்டுறவு வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தேன். ஒரு கோப்பு எதனால் நகரும், எதனால் நிற்கும் என்பது ஓரளவு தெரியும் என்ற நம்பிக்கையில் இந்த வேலையைக் கையில் எடுத்தேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது பதக்கங்களின் கணக்கு. 1965 போருக்கு இரண்டு பதக்கங்கள் உண்டு. போர் நடந்த பகுதியில் பணியாற்றியவர்களுக்குச் சமர் சேவா ஸ்டார். அந்தக் காலத்தில் படையில் இருந்தவர்களுக்குப் பரவலாக வழங்கப்பட்டது ரக்‌ஷா மெடல். 1971 போருக்கு மேற்கு முனையில் நின்றவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார், கிழக்கு முனையில் நின்றவர்களுக்குப் பூர்வி ஸ்டார், இவை தவிரச் சங்கிராம் மெடல். ஆகவே ரக்‌ஷாவும் சங்கிராமும் மட்டும் இருந்து நட்சத்திரம் ஒன்றுகூட இல்லாத டிஸ்சார்ஜ் புத்தகம், அவர் இரண்டு போரின்போதும் பின்னால் எங்கோ பாசறையில் இருந்தார் என்றுதான் படிப்பவருக்குச் சொல்லும். 1965 செப்டம்பரில் ஜம்மு பக்கத்துச் சம்பா வழியாகப் பாகிஸ்தானின் சியால்கோட் முனைக்கு டாங்கிக் குண்டுகளை ஏற்றிப்போன லாரிகளில் ஒன்றை ஓட்டியவர் என் அப்பா. பிலோராவில் டாங்கிச் சண்டை நடந்த நாள்களில் இரவில் விளக்கைப் போடாமல், முன்னால் போகும் வண்டியின் பின்புறத்தில் மங்கலாகத் தெரியும் வெள்ளைப் புள்ளியைப் பார்த்தே ஓட்டியதை நாங்கள் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். அவருடைய வாழ்க்கையின் மிகக் கடினமான இரு வாரங்கள் அவருடைய சொந்த ஆவணத்தில் இல்லாமல் இருந்தன.

நான் செய்த முதல் காரியமே தவறாகப் போயிற்று. ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். அப்பாவின் சேவை, அவர் பட்ட கஷ்டம், இத்தனை ஆண்டு காத்திருந்தது, அவருடைய வயது எல்லாவற்றையும் அதில் கொட்டினேன். இரண்டு மாதத்துக்குப் பின் இரண்டு வரியில் பதில் வந்தது: ஆவணங்களின்படி மேற்படி பதக்கத்துக்கான பதிவு இல்லை. அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் நிதானமாக யோசித்தபோது, அந்தப் பதிலை எழுதியவரின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன் என்று தோன்றியது. அவர் முன்னால் இருப்பது ஒரு பதிவேடு; நான் அனுப்பியது ஒரு மனக்குறை. பதிவேட்டைத் திருத்த இன்னொரு பதிவுதான் வேண்டும், அதுவும் அந்தச் சம்பவம் நடந்த காலத்திலேயே எழுதப்பட்டதாக இருக்க வேண்டும்.

அதற்கு முன், ரெக்கார்ட்ஸ் அலுவலகம் எது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஓய்வு பெற்ற சிப்பாயின் ஆவணங்கள் டெல்லியில் இருப்பதாக நம் ஊர்களில் பலர் நினைக்கிறார்கள். அவை அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் இருக்கின்றன. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரியில் உள்ள வெலிங்டன், பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்களுக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸ் பிரிவுக்கு ஜபல்பூர், வாகனங்களையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவுக்குச் செகந்திராபாத் என்று இடம் மாறும். மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் மனுக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். ஆட்சியரால் ராணுவப் பதிவேட்டில் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. அந்த மனு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத்தான் திருப்பி அனுப்பப்படும். நேராக அந்த அலுவலகத்துக்கே போவது நல்லது. எங்கள் மனுக்களை ஒழுங்குபடுத்தித் தங்கள் பரிந்துரைக் கடிதத்துடன் அனுப்பிவைத்தவர்கள் அவர்கள்தான்.

இரண்டாவது முயற்சியில், கேட்பதை நிறுத்திவிட்டு, அவர்களிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தீர்மானித்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ், பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டருடன் ஒரே பக்கத்தில் விண்ணப்பம் எழுதி, அப்பாவையே கையெழுத்திடச் செய்தேன். இது முக்கியம். மகள் கேட்டால் அது மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடம் உண்டு. படைவீரரே தன் ஆவணத்தைக் கேட்கும்போது அந்தத் தடை எழாது. ஏன் பதக்கம் தரவில்லை என்று அதில் கேட்கவில்லை. 'ஏன்' என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் கிடைக்காது, கோப்பில் உள்ளதன் நகல்தான் கிடைக்கும். எனவே சிப்பாயின் சேவை விவரங்கள் எல்லாம் ஏறும் ஆவணமான ஷீட் ரோலின் முழு நகல், 1965 ஜூலை முதல் 1966 மார்ச் வரை அவர் பெயரில் வெளியான பார்ட் டூ ஆர்டர்களின் நகல் என்று இரண்டை மட்டும் கேட்டேன். சிப்பாயின் வாழ்க்கையில் நடக்கும் ஒவ்வொன்றும், விடுப்பு, இடமாற்றம், திருமணம், குழந்தை, காயம், பதக்கம் எல்லாமே, யூனிட்டில் பார்ட் டூ ஆர்டராக வெளியாகும். அதன் பிரதி ரெக்கார்ட்ஸுக்குப் போய் ஷீட் ரோலில் ஏறும். பதக்கம் விட்டுப்போயிருந்தால் இந்தச் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது என்று பொருள்.

முப்பது நாளில் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீடு செய்த பிறகு நகல்கள் வந்தன. பழுப்பேறிய தாள்களின் மங்கலான நகல். சில இடங்களில் கையெழுத்தைப் படிக்க அப்பாவின் உதவி தேவைப்பட்டது. அதில் எதிர்பாராத ஒன்று இருந்தது. 1971க்கான பஸ்சிமி ஸ்டார் ஷீட் ரோலில் முறையாக ஏறியிருந்தது! ஆர்டர் எண், தேதி எல்லாம் இருந்தன. டிஸ்சார்ஜ் புத்தகத்தை எழுதியவர் அந்த ஒரு வரியை எடுத்தெழுதவில்லை, அவ்வளவுதான். இதற்கு வாதம் எதுவும் தேவைப்படவில்லை. ஷீட் ரோலின் அந்தப் பக்கத்தை இணைத்து, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சேர்க்கவும் பதக்கத்தை வழங்கவும் கேட்ட கடிதம் நேராக வேலை செய்தது.

பலர் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். பதக்கம் பதிவாகி உலோகம் மட்டும் கைக்கு வராமல் இருப்பது ஒரு நிலை. போருக்குப் பின் ரிப்பன் மட்டும் கொடுத்து, பதக்கம் பிறகு வரும் என்று சொல்லப்பட்டவர்கள் எத்தனையோ பேர். பதிவே இல்லாமல் இருப்பது முற்றிலும் வேறு நிலை. முதலாவதுக்கு நினைவூட்டல் கடிதம் போதும். இரண்டாவதுக்கு ஆதாரம் வேண்டும். எது தன் நிலை என்று தெரியாமல் எழுதப்படும் மனு சுற்றிச் சுற்றி அதே மேசைக்குத் திரும்பும். ஆகவே முதல் ரூபாயை ஷீட் ரோல் நகலுக்குச் செலவிடுங்கள் என்றே எல்லோருக்கும் சொல்கிறேன்.

சமர் சேவா ஸ்டார் எங்களுக்கு அந்த இரண்டாவது வகையாக அமைந்தது. 1965 ஆகஸ்ட், செப்டம்பருக்கு அப்பாவின் சொந்த யூனிட் வெளியிட்ட ஆர்டர்களில் அவர் பெயரே இல்லை. அந்த நாள்களில் யூனிட் எங்கே இருந்தது என்று கேட்டேன். யூனிட் பின்னால் இருந்தது, என்னைத் தற்காலிகமாக வேறு யூனிட்டுக்கு அட்டாச்மென்ட் அனுப்பிவிட்டார்கள் என்றார். எந்த யூனிட் என்றால், அதன் எண் நினைவில் இல்லை. ஐம்பத்திரண்டு ஆண்டுக்கு முன், ஐந்து வாரம் மட்டும் உடன் இருந்த யூனிட்டின் எண்ணை எழுபத்திரண்டு வயதுக்காரர் எப்படி நினைவில் வைத்திருப்பார்?

வழி திறந்தது அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியில். மூடியில் வெள்ளைச் சாயத்தில் எண்ணும் பெயரும் எழுதிய அந்தப் பெட்டி எல்லாப் பழைய சிப்பாய்கள் வீட்டிலும் இருக்கும். அதன் அடியில் ஆயா, அதாவது அப்பாவின் தாயார், ஒரு மஞ்சள் பையில் கட்டிவைத்திருந்த கடிதங்கள் கிடைத்தன. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தபால்காரர் படித்துக்காட்டியதைக் கேட்டுவிட்டு அப்படியே பத்திரப்படுத்தியிருக்கிறார். 1965 செப்டம்பர் கடைசி வாரத்துக் கடிதம் ஒன்றின் உறையில் கள அஞ்சலக முத்திரை தெளிவாக இருந்தது. அந்த முத்திரையைப் பார்த்து நான் துள்ளினேன். ஆனால் கள அஞ்சலக எண் இடத்தை மறைப்பதற்காகவே கொடுக்கப்படுவது, 56 ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலகம்) என்ற முகவரியைக் கொண்டு அனுப்பியவர் எங்கே நின்றார் என்று சொல்ல முடியாது. உதவியது முத்திரை இல்லை, அனுப்புநர் முகவரி. அப்பா தன் எண்ணையும் பெயரையும் எழுதி, அதற்குக் கீழே அட்டாச்மென்ட் யூனிட்டின் பெயரை முழுமையாக எழுதியிருந்தார். உள்ளே, இனி இந்த முகவரிக்கே எழுதவும் என்று ஒரு வரி. எழுதப்படிக்கத் தெரியாத ஆயா பாதுகாத்த அந்த உறை இல்லாவிட்டால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

யூனிட்டின் பெயர் கிடைத்ததும் அப்பாவுக்கு உடன் இருந்த ஒருவரின் பெயரும் நினைவுக்கு வந்தது. அவரும் நம் பக்கத்துக்காரர், அதே அட்டாச்மென்ட்டில் பக்கத்து லாரியை ஓட்டியவர். முன்னாள் படைவீரர் சங்கத்தின் வழியாக விசாரித்து மூன்று மாதத்தில் அவரைப் போளூர்ப் பக்கம் கண்டுபிடித்தோம். நாங்கள் போய் இறங்கியபோது இருவரும் ஒருவரையொருவர் சற்று நேரம் அடையாளம் தேடினார்கள். பிறகு பேச ஆரம்பித்தவர்கள் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சமர் சேவா ஸ்டார் இருந்தது. அதைவிட மேலாக, அவர் தன் பழைய தாள்களுக்குள் அந்தப் பதக்கத்துக்கான பார்ட் டூ ஆர்டரின் எண்ணையும் தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தார். அவர் சம்மதத்துடன் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டோம். அப்பாவும் தானும் ஒரே பணியில் ஒரே இடத்தில் இருந்ததாக நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரமும் எழுதிக் கொடுத்தார்.

உறுதிமொழிப் பத்திரத்தை நான் பெரிதாக நம்பியிருந்தேன். நல அலுவலகத்தில் இருந்த ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் எனக்கு நிதானமாக விளக்கினார்: "அம்மா, சாட்சி சொல்வதை அவர்கள் தட்டமாட்டார்கள், ஆனால் அதை வைத்து எழுதவும் மாட்டார்கள். ஆர்டர் எண்ணை முன்னால் வையுங்கள். சாட்சி பின்னால் இருக்கட்டும்." அவர் சொன்னபடி மூன்றாவது மனுவை அரைப் பக்கத்தில் எழுதினேன். இந்த எண்ணுள்ள, இந்தத் தேதியிட்ட ஆர்டரில் அட்டாச்மென்ட்டில் இருந்தவர்களின் பட்டியல் உள்ளது. அதில் என் பெயர் உள்ளதா என்று சரிபார்த்து, இருந்தால் பதிவு செய்ய வேண்டுகிறேன். இணைப்புகளுக்கு வரிசை எண் போட்டு, எது எதை நிறுவுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி. மூலக் கடிதத்தை அனுப்பவில்லை, நகல்தான். மூலத்தை ஒருபோதும் தபாலில் அனுப்பாதீர்கள். காணாமல் போனால் அதற்கு மாற்று கிடையாது.

பதில் வர ஐந்து மாதம் ஆயிற்று. அந்தப் பட்டியலில் அப்பாவின் பெயர் இருந்தது. பதவி சரி, பெயர் சரி, படைவீரர் எண்ணில் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. 1960களில் தட்டச்சு இயந்திரத்தின் முன் அமர்ந்த யாரோ ஒரு கிளார்க் அவசரத்தில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைத் தட்டியிருக்கிறார். ரெக்கார்ட்ஸுக்கு வந்த பிரதி அந்த எண்ணுக்குரிய கோப்பைத் தேடியிருக்கிறது. பொருந்தாததால் எந்த ஷீட் ரோலிலும் ஏறாமல் நின்றுவிட்டது. யாரும் அப்பாவை மறுக்கவில்லை, யாரும் அவரை மறக்கவும் இல்லை. அரை நூற்றாண்டாக அவருடைய நட்சத்திரம் இரண்டு இலக்கங்களுக்கு நடுவில் கிடந்தது. இதைப் படித்துக் காட்டியபோது அப்பா அழுதார். இத்தனை நாள் தன்னை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்று எண்ணியிருந்ததை அன்றுதான் எங்களிடம் சொன்னார்.

பிறகு நடந்தவை வேகமானவை. எண் பிழையைத் திருத்தி ஷீட் ரோலில் பதிந்து, டிஸ்சார்ஜ் புத்தகத்தை வாங்கி இரு நட்சத்திரங்களையும் முத்திரையோடு எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அது 2019. இதற்கிடையில் உறவினர் ஒருவர், கன்டோன்மென்ட் கடைகளில் இதே பதக்கத்தின் நகல் விற்கிறது, வாங்கி வந்துவிடலாம் என்றார். பதிவில் இல்லாததை மார்பில் குத்திக்கொள்ள மாட்டேன் என்று அப்பா மறுத்துவிட்டார். அவர் செய்ததே சரி. நகலை வாங்குவது குற்றமில்லை, மூலத்தைத் தொலைத்தவர்கள் வாங்குவதும் உண்டு. ஆனால் பதிவு ஏறிய பின்புதான் அணிய வேண்டும் என்பதைப் படைவீரர்கள் மிகத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள். குடும்பத்தார் ஆசையில் அதை மீறச் சொல்லக் கூடாது.

பெயர் எழுத்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்தை ராணுவப் பதிவேடுகள் பல விதமாக எழுதியிருக்கும். தகப்பன் பெயரை விரித்து எழுதியிருக்கும், அல்லது ஊர்ப் பெயரைச் சேர்த்திருக்கும். ஆதாரில் ஒன்றும் ஓய்வூதிய ஆணையில் ஒன்றும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் வேறொன்றுமாக இருந்தால், பதக்க மனுவுக்கு முன்பே அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். மனுவில் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள எழுத்துகளையே பயன்படுத்த வேண்டும், அது தவறாகவே இருந்தாலும். பதக்கத்தில் பெயர் பொறிக்கப்படுவதும் அதன்படிதான்.

எங்களுக்குச் சட்ட வழி தேவைப்படவில்லை. பதிவேட்டில் ஆதாரம் இருந்தும் மறுத்தால், சென்னையில் அமர்வுள்ள ஆயுதப் படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் அங்கே போகும்போது, எழுத்துவடிவில் வந்த மறுப்பு ஆணை கையில் இருப்பது உதவும். எனவே எந்தப் பதிலையும் கோபத்தில் கிழித்துவிடாதீர்கள். முதலில் வந்த அந்த இரண்டு வரிக் கடிதமும் என் கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

பதக்கங்கள் 2021இல் வந்தன. அட்டைப்பெட்டியைத் திறந்ததும் அப்பா நட்சத்திரத்தின் அழகைப் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி, பொறித்திருந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சத்தமாகப் படித்தார். இடம் மாறியிருந்த அந்த இரண்டு இலக்கங்களை இரண்டு முறை படித்தார். பிறகு போளூருக்குப் போன் போடச் சொன்னார்.

இப்போது என் மேசையில் எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு விதவையின் கோப்பு இருக்கிறது. அவர் கணவர் 1971இல் கிழக்கு முனையில் இருந்தவர். பூர்வி ஸ்டார் பதிவாகவில்லை. கணவர் ஓய்வூதியம் பெறுமுன்பே விலகிவந்தவர் என்பதால் சிக்கல் பெரிது. அப்படி வெளியேறியவர்களின் ஆவணங்கள் 25 ஆண்டுக்குப் பின் அழிக்கப்பட்டு, லாங் ரோல் என்னும் பேரேட்டில் உள்ள சுருக்கக் குறிப்பு மட்டுமே மிஞ்சுகிறது. லாங் ரோல் நகலுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அவர் வீட்டுப் பெட்டியில் கடிதம் ஏதும் இல்லை. மணியார்டர் துண்டுகள் மூன்று கிடைத்திருக்கின்றன, அவற்றில் ஒன்றில் யூனிட்டின் பெயர் பாதி தெரிகிறது. மீதியைப் படிக்க நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.